தற்காப்புக் கலை: பிள்ளையைச் சேர்க்கும் முன் மாஸ்டரைப் பாருங்கள்



போன மாதம் பல்லடம் பக்கம் ஒரு ஊரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு கட்டி, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரம். ஒரு உறுப்பினர் பைக்குள்ளிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏனுங் மேடம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல கராத்தே கிளாஸ் ஆரம்பிக்கறாங்களாமா. பாப்பா போறேன்னு அடம் புடிக்குது. சேத்தி உடலாமுங்களா?"

பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் உடனே, "எட்டாவது படிக்கற புள்ளய யாரோ ஒரு ஆம்பளகிட்ட உட்டுட்டு நீ கம்பெனிக்குப் போயிருவியா?" என்றார்.

"அதுக்குத்தானுங்க்கா கேக்கறேன். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு நான் வாரதுக்கு எட்டரை ஆயிருது. அதுவரைக்கும் புள்ள தனியாத்தான் இருக்குது. டியூசனுக்குத் தனியாத்தான் போயிட்டு வருது. ஒரு தகிரியம் வேணுமில்லீங்களா?"

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். ஆனால் அதைக் கற்றுக் கொடுக்கிறவரே நம்பத் தகாதவராக இருந்துவிட்டால்? எனக்கு அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ரெண்டு வருடம் முன்னால் நான் ஒரு 10 நாள் தற்காப்புப் பயிற்சி முகாம் ஏற்பாடு செய்தேன். மாஸ்டர் கொண்டு வந்த ஃபைலில் நிறையச் சான்றிதழ், பெரிய ஆட்களோடு எடுத்த போட்டோ. அதைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டேன். அவர் வகுப்பு எடுப்பதை ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முகாமில் பாதிப் பேர் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. தப்பாகச் செய்தால் கெட்ட வார்த்தை, குச்சியால் அடி, சரியாக நிற்க வைக்கிறேன் என்று இடுப்பைப் பிடிப்பது. "மேடம் கூட்டிட்டு வந்த ஆளாச்சே, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டோம்" என்று ஒரு பெண் சொன்னாள். முகாமை அன்றே நிறுத்தினோம். தவறு என்னுடையதுதான்.

நம் ஊர்ப் பெண்களுக்குச் செக்கிங் புதிதில்லை. ஒரு பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த டேபிளுக்கு விடுகிறோம். பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன்னால் அந்த அளவாவது பார்க்க வேண்டாமா? எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

எந்தக் கலை நல்லது?

நிறையப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். நம் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, குங்ஃபூ.

சிலம்பம் நம் சொந்தக் கலை. கம்பு ஒன்று போதும், செலவு குறைவு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் சிலம்பம் உண்டு.

கராத்தே ஜப்பானின் ஒகினாவா தீவில் வளர்ந்தது. கையால் குத்துவதும் தடுப்பதும் காலால் உதைப்பதும் இதில் வரும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. டேக்வாண்டோ கொரியாவின் கலை, காலால் உதைப்பது அதிகம். 2000-லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஜூடோவை 1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் தொடங்கினார். பிடித்து இழுத்துக் கீழே போடும் கலை இது. அதனால் தரையில் மெத்தை விரிப்பு இல்லாமல் ஜூடோ சொல்லிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளவே கூடாது.

இதில் எது நல்லது என்று கேட்டால், சொல்லிக் கொடுக்கிற ஆளைப் பொறுத்தது என்பதுதான் பதில். நல்ல ஆசான் கிடைத்தால் சிலம்பமும் நல்லது, கராத்தேயும் நல்லது. ஆள் சரியில்லை என்றால் எந்தக் கலையும் வேண்டாம்.

"அரசு பதிவு பெற்றது" என்றால் என்ன?

அந்த உறுப்பினர் காட்டிய நோட்டீஸில் பெரிய எழுத்தில் "அரசு பதிவு பெற்றது" என்று போட்டிருந்தது. இதைப் பார்த்தவுடன் அரசாங்கமே இந்த மாஸ்டரைச் சோதித்து அனுப்பியிருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயர், விதிமுறை, உறுப்பினர் பட்டியல், கட்டணம் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். மாஸ்டருக்குக் கராத்தே தெரியுமா, குணம் எப்படி என்றெல்லாம் பதிவு அலுவலகம் பார்க்காது. அது அவர்கள் வேலையும் இல்லை. நம் கூட்டமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் இருக்கிறது என்பதற்காகக் கணக்கு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? ரொக்கப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்?

டாக்டராக, வக்கீலாக வேலை செய்ய அதற்கான கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கராத்தே மாஸ்டருக்கு அப்படி ஒரு கட்டாய உரிமம் நம் நாட்டில் இல்லை. யார் வேண்டுமானாலும் நாளைக்கே ஒரு போர்டு மாட்டி வகுப்பு ஆரம்பிக்கலாம். ஆகவே பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு முழுக்க நம்மிடம்தான் இருக்கிறது.

"உலக", "இந்திய", "அகில" என்று தொடங்கும் சங்கப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கராத்தேயில் ஒரே கலைக்குப் பல சங்கங்கள் இருக்கின்றன. தங்கள் சங்கம்தான் அங்கீகாரம் பெற்றது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். பிள்ளை பிற்காலத்தில் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்றால், எந்தச் சங்கத்தின் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் நேரில் கேளுங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் கேட்கலாம். மாஸ்டர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பெல்ட் கணக்கு

வெள்ளை, மஞ்சள், பச்சை, பழுப்பு, கருப்பு என்று பெல்ட் நிறம் மாறும். எல்லாக் கலைக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் தன் முறைப்படி கொடுக்கிறது. டேக்வாண்டோவில் கருப்புப் பட்டைச் சான்றிதழை தென் கொரியாவின் சியோல் நகரில் உள்ள குக்கிவோன் என்ற தலைமையிடம் வழங்குகிறது. அதில் உள்ள எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். மற்றக் கலைகளில் பெல்ட்டின் மதிப்பு, அதைக் கொடுத்தவரின் மதிப்பைப் பொறுத்தது.

ஒழுங்காகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்குக் கருப்பு பெல்ட் வர நாலைந்து வருடம்கூட ஆகும். "6 மாசத்துல பிளாக் பெல்ட் கேரண்டி" என்று சொன்னால் அவர் கலையை விற்கவில்லை, பெல்ட்டை விற்கிறார் என்று அர்த்தம்.

இதே மாதிரிதான் சாதனை நிகழ்ச்சிகளும். ஓடு உடைப்பது, கை மேல் பைக் ஏற்றுவது, வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைப்பது, பிறகு மேடையில் சாதனைச் சான்றிதழ். இப்படிச் சான்றிதழ் தரும் சில தனியார் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் தருகின்றன. வளரும் பிள்ளையின் எலும்புக்கு இதனால் ஆபத்து. ரோட்டில் ஒருவன் வழிமறித்தால் ஓடு உடைத்த அனுபவம் உதவப் போவதும் இல்லை.

மொத்தச் செலவைக் கேளுங்கள்

மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுச் சேர்த்துவிட்டுப் பிறகு சிரமப்படுகிற குடும்பங்கள் உண்டு. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்.

மாதம் 400 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4,800. சீருடை 900. வருடத்தில் 3 பெல்ட் தேர்வு, ஒன்றுக்கு 600 வீதம் 1,800. ரெண்டு வெளியூர்ப் போட்டி, ஒன்றுக்கு 1,000 வீதம் 2,000. ஆக மொத்தம் 9,500 ரூபாய். மாதம் 400 என்று நினைத்தது கிட்டத்தட்ட 800 ஆகிவிடுகிறது.

இதற்காக உட்கடன் எடுக்கும் நிலை வரக் கூடாது. சேரும்போதே ஒரு வருடத்துக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். நிறுத்திக்கொண்டால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதையும் கேளுங்கள். மூன்று வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசு கட்டாமலே கிடைக்கவும் வழியுண்டு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 12-ம் வகுப்பு மாணவிகளுக்கு 3 மாதத் தற்காப்புப் பயிற்சி தர இடமிருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் எல்லா வருடமும் நடப்பதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்கலாம். அங்கேயும் யார் சொல்லிக் கொடுக்கிறார், வகுப்பு நடக்கும்போது ஒரு ஆசிரியை கூட இருக்கிறாரா என்று கேட்க மறக்காதீர்கள்.

வகுப்பை நேரில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன்னால் ரெண்டு நாள் போய் உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். ஒரு நாள் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

நம் கொங்குப் பகுதியில் வள்ளி கும்மி எப்படிக் கற்றுத் தருகிறார்கள்? கோயில் திடலில் லைட் போட்டு, ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் என்ன சொல்கிறார், யாரை எப்படித் தொடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு என்பது அதுதான். தற்காப்புக் கலையும் அப்படித் திறந்த இடத்தில்தான் நடக்க வேண்டும்.

"பெத்தவங்க இருந்தா புள்ளைங்க கவனம் சிதறும், உள்ள வராதீங்க" என்று சொல்கிற இடம் இருக்கிறது. நாலு நாள் ஒதுங்கி நில்லுங்கள் என்று சொன்னால் புரிந்துகொள்ளலாம். எப்போதுமே வரக் கூடாது, கதவைச் சாத்திக்கொள்வோம் என்றால் அங்கே சேர்க்காதீர்கள். அவர் வாங்கிய மெடல் எத்தனை என்றாலும் சரி.

வகுப்பில் உட்கார்ந்து இவற்றைக் கவனியுங்கள்:

1. எடுத்தவுடன் அடிதடியில் இறங்குகிறார்களா, உடம்பைச் சூடுபடுத்தும் பயிற்சி 10, 15 நிமிடம் நடக்கிறதா?

2. ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்? 50, 60 பிள்ளைகளை ஒருவர் பார்த்தால் யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

3. சின்னப் பிள்ளையைப் பெரிய பையனோடு மோத விடுகிறாரா? வயது, எடை பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

4. தண்ணீர் குடிக்க விடுகிறாரா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? அடிபட்டால் யாருக்குப் போன் செய்வார்கள்?

5. தப்பு செய்த பிள்ளையை என்ன செய்கிறார்? திரும்பச் செய்து காட்டுகிறாரா, திட்டுகிறாரா, அடிக்கிறாரா? அடி வாங்கினால்தான் கலை வரும் என்பது பொய்.

6. கை கால் நிலையைத் திருத்தும்போது எப்படித் தொடுகிறார்? நல்ல ஆசான் முதலில் வாயால் சொல்வார், தானே நின்று காட்டுவார். தொட வேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, எல்லோர் கண் முன்னாலும், கை, தோள், கால் பாதம் என்று தொட்டுத் திருத்துவார். பெண் பிள்ளைகளுக்கு மூத்த மாணவியை வைத்துத் திருத்தச் சொல்வார்.

7. வலிக்குது, முடியல, வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கிறது? இதை மிகவும் கவனமாகப் பாருங்கள். தற்காப்புக் கலையில் முதல் பாடமே "வேண்டாம்" என்று சொல்லத் தெரிவதுதான். அந்த வார்த்தையை மதிக்காதவர் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

8. மாதவிலக்கு நாளில் ஓரமாக உட்கார அனுமதி உண்டா, காரணத்தை எல்லோர் முன்னாலும் கேட்டு வெட்கப்படுத்துகிறாரா? கழிப்பறை, உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா?

பார்த்து முடித்து, அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் நாலு பேரிடம் பேசுங்கள். நிறுத்திவிட்ட பிள்ளைகளின் அம்மா ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது. மாஸ்டர் இதற்கு முன் எந்த ஊரில் வகுப்பு எடுத்தார், ஏன் அங்கிருந்து வந்தார் என்றும் விசாரியுங்கள்.

பெண் மாஸ்டர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கேரளாவில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா 7 வயதில் களரிப்பயிற்று கற்க ஆரம்பித்து, 70 வயதைத் தாண்டியும் சேலை கட்டிக்கொண்டு வாளும் கம்பும் சுழற்றிச் சொல்லிக் கொடுத்தவர். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய களரியில் மாதக் கட்டணம் என்று எதுவும் வாங்குவதில்லை, மாணவர்கள் தங்களால் முடிந்த குரு தட்சிணை தருகிறார்கள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று வீட்டில் கேட்டால் அவர் கதையைச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் பெண் மாஸ்டர் கிடைப்பது சிரமமாக இருக்கலாம். அப்போது ஆண் மாஸ்டரோடு மூத்த மாணவி ஒருவர் உதவியாளராக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெண் மாஸ்டர் என்பதாலேயே எதையும் பார்க்காமல் சேர்ப்பதும் தவறு. அடிக்கிறவர் யாராக இருந்தாலும் அடி அடிதான். ஆண் பிள்ளைகளைச் சேர்க்கும்போதும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் தொல்லை நடக்கிறது. வெளியே சொல்ல அவர்கள் இன்னும் கூச்சப்படுகிறார்கள்.

சேர்த்த பிறகும் கண் வைக்க வேண்டும்

2021 மே மாதம் சென்னையில் ரெண்டு பயிற்சியாளர்கள் அடுத்தடுத்துக் கைதானார்கள். ஒருவர் தடகளப் பயிற்சியாளர். உடல் வலிக்குச் சிகிச்சை செய்வதாகச் சொல்லி மாணவிகளிடம் தவறாக நடந்தார் என்று புகார். ஒரு பெண் வாயைத் திறந்த பிறகு மேலும் பலர் முன்வந்தார்கள். இன்னொருவர் தற்காப்புக் கலை மாஸ்டர். வெளியூர்ப் போட்டிக்குப் போய்விட்டுக் காரில் திரும்பி வரும்போது தவறாக நடந்தார் என்று முன்னாள் மாணவி புகார் கொடுத்தார். நடந்து பல வருடம் கழித்துத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

ரெண்டு பேருமே பேர் வாங்கிய பயிற்சியாளர்கள். மெடலும் பேரும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் எல்லோரும் இருக்கும் மைதானமாக இருக்காது. தனி வகுப்பு, மசாஜ், கார்ப் பயணம், ராத்திரித் தங்கல், போன் பேச்சு என்று யாரும் பார்க்காத இடமாகத்தான் இருக்கும். அந்த இடங்களை முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

வகுப்பு முடிந்த பிறகு உன்னை மட்டும் இருக்கச் சொன்னார் என்றால் ஏன் என்று போய்க் கேளுங்கள். மாஸ்டர் பேச வேண்டியது பெற்றோரிடம். பிள்ளையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, தகவல் எல்லாம் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் வர வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, செல்லப் பெயர், "வீட்ல சொல்லாத" என்ற பேச்சு இருந்தால் உஷாராகிவிடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு அம்மாக்களில் ஒருவராவது கூடப் போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடம் வேண்டும். எந்தப் பிள்ளையும் மாஸ்டரோடு தனியாக வண்டியில் வரக் கூடாது.

ஷிப்ட் முடிந்து வரும் களைப்பில் பிள்ளையிடம் பேச நேரம் இருப்பதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் சோறு போடும்போது, "இன்னைக்கு மாஸ்டர் என்ன கண்ணு சொல்லிக் குடுத்தாரு? எப்படிச் சொல்லிக் குடுத்தாரு?" என்று கேளுங்கள். ஆசையாகப் போன பிள்ளை திடீரென்று போக மாட்டேன் என்றால், "பணம் கட்டியாச்சு, போ" என்று விரட்டாதீர்கள். காரணம் கேளுங்கள்.

பிள்ளை வந்து சொன்னால்

ஒரு பிள்ளை வந்து சொல்கிறது என்றால் நம் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்! "நீ ஏன் போனே", "அன்னைக்கே ஏன் சொல்லல" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லதாச்சு, உன் மேல தப்பில்ல" என்று முதலில் சொல்லுங்கள். நீங்களே மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். அவர் உஷாராகிவிடுவார்.

18 வயதுக்குக் கீழ் என்றால் 2012-ம் வருட போக்சோ சட்டம் பொருந்தும். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையம் புகாரை வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். ராத்திரியில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம், 6 மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் உள்ளவர் மறைத்தால் 1 வருடம் வரை. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பணம் வாங்கிக்கொடுத்து முடித்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழுக்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இப்படி ஒரு புகார் வந்தால் பிள்ளையின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதாதீர்கள், கூட்டத்தில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தவறு. ரெண்டு பேர் மட்டும் அந்த அம்மாவோடு காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போனால் போதும்.

18 வயதான பெண்களுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 என்றால் கம்பெனிக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். பயிற்சி தரும் விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

பயிற்சியால் என்ன கிடைக்கும்?

பத்து நாள் பயிற்சியில் நாலு ஆம்பளையை அடித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மாஸ்டர் சொல்லிக் கொடுப்பது வேறு. ஆபத்தை முன்கூட்டியே கவனிப்பது, சத்தம் போடுவது, பிடித்த கையை உதறுவது, வாய்ப்புக் கிடைத்தவுடன் ஆள் இருக்கும் பக்கம் ஓடுவது. கூடவே, நிமிர்ந்து நடக்கிற பழக்கமும் உடம்புக்கு வலுவும் வரும். இது பெரிய லாபம்தான்.

ஆனால் கராத்தே தெரியாததால்தான் தொல்லை வந்தது என்று எந்தப் பெண்ணையும் சொல்லக் கூடாது. தப்பு செய்தவன் மேல்தான் தப்பு. பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிய வேண்டும், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் கம்பெனி வண்டி வீட்டருகே விட வேண்டும். இவற்றையும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

குழுவாகச் சேர்ந்து செய்யலாம்

ஒரு அம்மா தனியாகப் போய்க் கேள்வி கேட்டால், "இஷ்டம் இருந்தா சேருங்க" என்று சொல்லிவிடுவார்கள். 15 பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பல்லடம் பக்கத்துக் குழு அதைத்தான் செய்தது. நோட்டீஸ் கொடுத்தவரிடம் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். "உங்களுக்கு என்னங்க தெரியும்" என்றார். சரிங்க என்று எழுந்து வந்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு சிலம்ப ஆசானைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மகளும் கூட நின்று சொல்லிக் கொடுக்கிறார். "தாராளமா வந்து உக்காந்து பாருங்க தாயி, நீங்களும் கம்பு எடுங்க" என்றார் அவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க் கோயில் திடலில் வகுப்பு நடக்கிறது. முறை வைத்து ரெண்டு அம்மாக்கள் உட்காருகிறார்கள். கட்டணம், நேரம், வெளியூர் போகும் விதி எல்லாம் ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "ஒரு ஆம்பளகிட்ட உட்டுட்டா" என்று கேட்ட அந்த மூத்த உறுப்பினர்தான் முதல் வாரம் காவலுக்கு உட்கார்ந்தவர். இப்போது அவருடைய பேத்தியும் வருகிறாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் இப்படி வகுப்புக்குப் போகிறார்கள்? அந்த வகுப்பை நம்மில் யாராவது போய்ப் பார்த்திருக்கிறோமா? பார்க்கவில்லை என்றால் இந்த மாதம் யார் ரெண்டு பேர் போவது?

எழுதி ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்: குழந்தைகள் உதவி 1098. பெண்கள் உதவி 181. அவசர போலீஸ் 112. ஆம்புலன்ஸ் 108. பள்ளி மாணவர் உதவி 14417.